கடிப்பு மாறினால் எந்த ஒலி மாறும்?

அண்ணப் பிளவோடு பிறந்த பிள்ளைக்கு 'அம்மா' சுலபமாக வந்துவிடும். 'அப்பா' சொல்லச் சொன்னாலும் 'அம்மா' என்றே வரும். அம்மா பிள்ளை என்று வீட்டில் கொஞ்சுவார்கள். நடப்பது வேறு. 'ம்' மூக்கு வழியே காற்று போகவேண்டிய ஒலி. பிளவு அதற்குத் தடையாக இருப்பதில்லை. 'ப்' வரவேண்டுமானால் காற்றை வாய்க்குள் ஒரு கணம் அடைத்துவைத்துத் திறக்கவேண்டும். அண்ணத்தில் வழி இருந்தால் காற்று மூக்குக்கு ஏறிவிடும். உதடு சரியாக மூடினாலும் 'ப்' என்பது 'ம்' ஆகிவிடும்.

இந்த அத்தியாயம் அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. உதடு தைத்தாயிற்று, அண்ணமும் மூடியாயிற்று, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. ஆனாலும் 'பஸ்', 'சைக்கிள்', 'வாத்து' என்னும்போது ஏதோ இடறுகிறது. வாயைப் பார்த்தால் மேல்வரிசை முன்பற்கள் கீழ்வரிசைக்கு உள்ளே போய் உட்கார்ந்திருக்கின்றன. பல் சரியானால் பேச்சு சரியாகிவிடும் என்று சில பெற்றோர் கிளிப் போடும் வயதுக்காகக் காத்திருக்கிறார்கள். வேறு சிலர் பல்லை விட்டுவிட்டு, வராத எழுத்தை நாள்தோறும் சொல்லச் சொல்லிப் பிள்ளையை வாட்டுகிறார்கள். இரண்டிலும் வருடங்கள் வீணாகின்றன. எந்தத் தவறு பல்லால் வருகிறது, எது அண்ணத்தால் வருகிறது, எது பழக்கத்தால் வருகிறது என்று முதலில் பிரித்துக்கொள்ளவேண்டும். மூன்றுக்கும் மருத்துவம் வேறு, மருத்துவர் வேறு.

அறுவைக்குப் பிறகும் கடிப்பு ஏன் கெடுகிறது?

மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் ஒன்றோடொன்று பொருந்தி உட்காருவதைக் கடிப்பு என்கிறோம். சாதாரணமாக மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களுக்குச் சற்று முன்னால், அவற்றைக் கொஞ்சம் மறைத்தபடி நிற்கும்.

பிளவு ஈறு வழியாகவும் போயிருந்தால் அந்த இடத்தில் எலும்பு இல்லை. முன்பல்லுக்குப் பக்கத்துப் பல் முளைக்காமலே போகலாம், திரும்பி முளைக்கலாம், இல்லாவிட்டால் அண்ணத்தின் நடுவில் கூடுதலாக ஒரு பல் எட்டிப்பார்க்கலாம். இது பிறவியிலேயே வருவது. இன்னொரு காரணம் அறுவையின் தழும்பு. சுமார் 3 முதல் 6 மாதத்துக்குள் உதட்டையும், 9 முதல் 18 மாதத்துக்குள் அண்ணத்தையும் தைக்கிறார்கள். பேச்சு தொடங்கும் முன் அண்ணம் மூடப்படவேண்டும் என்பதால் அந்த அவசரம் நியாயமானது. ஆனால் ஆறிய தழும்பு இறுகும். மேல்தாடை முன்னாலும் பக்கவாட்டிலும் வளரவேண்டிய அளவுக்கு வளராது. கீழ்த்தாடையோ தன் போக்கில் வளர்ந்துகொண்டே போகும். பால்பல் காலத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. 6, 7 வயதில் நிலைப்பற்கள் முளைக்கும்போது, மேல் முன்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே உட்காரும் தலைகீழ்க் கடிப்பு வெளிப்பட்டுவிடும். பதின்வயதில் உயரம் கூடும்போது இன்னும் அதிகமாகும்.

அறுவை செய்தவரின் கைக்குறை என்று இதை எண்ணவேண்டாம். நல்ல கையால் நன்றாகத் தைக்கப்பட்ட பிள்ளைக்கும் வரும்.

தமிழ் ஒலிகளில் பல் வேண்டியவை எவை?

தொல்காப்பியத்தின் பிறப்பியல் இதற்கு நேரான பதிலைச் சொல்கிறது. ப, ம இரண்டும் இரு உதடும் சேர்வதால் பிறப்பவை. வ பிறக்கப் பல்லும் உதடும் சேரவேண்டும். த, ந இரண்டுக்கும் நாக்கு நுனி மேல்பல்லின் அடியில் பரந்து படவேண்டும். க, ச, ட ஆகியவற்றுக்கு நாக்கும் அண்ணமும் போதும். மேல்நாட்டுப் பேச்சு மருத்துவ நூல்கள் ஆங்கில ஒலிகளை வைத்தே எழுதப்பட்டவை; நம் பிள்ளைக்கு எந்த எழுத்து இடறும் என்று கணிக்கப் பிறப்பியலின் வரிசை இன்றும் உதவுகிறது.

அதில் இல்லாத ஒன்றைச் சேர்த்துக்கொள்ளவேண்டும். 'பஸ்', 'ஸ்கூல்' என்பவற்றில் வரும் 'ஸ்' ஒலிதான் கடிப்புக் கோளாறில் முதலில் அடிபடும். 'சாமி' என்று எழுதினாலும் பலர் வாயில் 'ஸாமி' என்றே வருவதால் ச-வும் தப்பாது. நாக்கின் நடுப்பள்ளம் வழியாக வரும் காற்று முன்பல்லின் விளிம்பில் மோதிச் சீறவேண்டும். மேல்பல் உள்ளே தள்ளியிருந்தால் மோத வேண்டிய விளிம்பு இருக்கும் இடத்தில் இராது. மேல்தாடை குறுகியிருந்தால் நாக்குக்கு இடம் போதாது. காற்று நடுவில் வராமல் கன்னப்பக்கம் வழிந்து, எச்சில் சேர்ந்த 'ஷ்ல்' போல ஒரு சத்தம் வரும். கூடுதல் பல் அண்ணத்தில் முளைத்திருந்தாலும் இதேதான். ஷ, ஜ, 'சாயா'வில் வரும் அழுத்தமான ச ஆகியவையும் இதே குடும்பம்.

த, ந இரண்டில் நாக்கு நுனி பல்லைத் தாண்டி வெளியே எட்டிப்பார்க்கும். வ-வில் வேடிக்கை ஒன்று நடக்கும். கண்ணாடி முன் பிள்ளையை உட்காரவைத்து 'வாத்து' என்று சொல்லச் சொல்லிப் பாருங்கள். நமக்குக் கீழ்உதடு மேலேறி மேல்பல்லைத் தொடும். தலைகீழ்க் கடிப்புள்ள பிள்ளைக்குக் கீழ்ப்பல் மேலேறி மேல்உதட்டைத் தொடும். சில பிள்ளைகளுக்கு 'பாப்பா'கூட அப்படித்தான் வரும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பல நேரம் சரியான 'வாத்து'தான் காதில் விழும். அப்படியானால் அதை விட்டுவிடுங்கள். கண்ணுக்கு மாறாகத் தெரிந்தும் காதுக்குச் சரியாகக் கேட்கும் ஒலியைத் திருத்தவேண்டிய அவசியமே இல்லை. நாக்கும் உதடும் தம் பாட்டில் வழி கண்டுபிடித்துக்கொள்ளும். கடிப்பு கோணலாக இருந்தும் தெளிவாகப் பேசும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள்.

ட, ண, ள, ற ஆகியவற்றுக்கு முன்பல் அவ்வளவாகத் தேவையில்லை. ழ எல்லாப் பிள்ளைகளுக்குமே தாமதமாக வருவது. அது வரவில்லை என்று 4 வயதில் பிளவின்மேல் பழி போடவேண்டாம்.

வீட்டிலேயே பிரித்துப் பார்ப்பது

இதற்குச் சொற்களைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். தமிழில் சொல்லின் நடுவில் ஒற்றையாக வரும் க, த, ப மெலிந்துவிடும். மெல்லினத்தை அடுத்து வந்தால் மூக்கொலி பக்கத்திலேயே நின்று குழப்பும். 'தம்பி', 'பந்து' என்ற சொற்களை வைத்து எதையும் முடிவு கட்டமுடியாது. மூக்கொலி இல்லாத, வல்லினம் இரட்டித்த சொற்களே வேண்டும்: பாப்பா, தாத்தா, காக்கா, பட்டு, பச்சை, பஸ்ஸு. இவற்றுக்கு வாய்க்குள் முழு அழுத்தம் வேண்டும். ஓட்டை இருந்தால் ஒளிக்கமுடியாது.

"மக்ளே, பாப்பான்னு சொல்லு பாப்போம்" என்று சாதாரணமாகக் கேளுங்கள். பரீட்சை என்று தெரிந்தால் பிள்ளை கத்திச் சொல்லும். மூக்கைத் திறந்துவிட்டு ஒருமுறை, மூக்கை மெல்லப் பிடித்துக்கொண்டு ஒருமுறை. இரண்டும் ஒன்றாகக் கேட்டால் ப-வில் காற்று ஒழுகவில்லை. மூக்கைப் பிடித்ததும் சொல் தெளிவானால் காற்று மூக்குக்குப் போய்க்கொண்டிருந்தது என்று பொருள். அடுத்து ஒரு சிறு கண்ணாடியை மூக்குத்துளைக்குக் கீழே பிடித்து 'பாப்பா, காக்கா, பஸ்ஸு' சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போது மட்டும் பிடித்து, முடிந்தவுடன் எடுத்துவிடவேண்டும். இல்லாவிட்டால் மூச்சுவிடும் ஆவியே படிந்து ஏமாற்றும். சொல்லுக்குச் சொல் ஆவி படிந்தால் அது பல் சம்பந்தப்பட்டதல்ல. மென்அண்ணம் பின்தொண்டைச் சுவரோடு சேர்ந்து கதவுபோல மூடவேண்டும், அது எட்டவில்லை. இல்லாவிட்டால் அண்ணத்தில் எங்கோ துளை இருக்கிறது. கஞ்சியோ சாயாவோ குடிக்கும்போது மூக்கில் வருகிறதா என்பதையும் கவனியுங்கள். அண்ண அறுவை செய்த பிள்ளைகளில் 20 முதல் 30 சதவீதம் பேருக்கு இப்படி மூடல் போதாமல் பேச்சுக்காக இன்னொரு அறுவை தேவைப்படுகிறது.

மூக்கில் ஒழுக்கில்லை, ஆனால் 'பஸ்ஸு' மட்டும் கெடுகிறதா? இளநீர் குடிக்கும் ஸ்ட்ரா ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பிள்ளையின் முன்பல்லுக்கு நேராகப் பிடித்து 'ஸ்ஸ்ஸ்' என்று இழுக்கச் சொல்லுங்கள். காற்று ஸ்ட்ராவுக்குள் சீறுவது நன்றாகக் கேட்கும். நடுவில் கேட்காமல், ஸ்ட்ராவைக் கடைவாய்ப் பக்கம் நகர்த்தும்போது கேட்டால், காற்று பக்கவாட்டில் தப்புகிறது. கடிப்போ நாக்கு வைக்கும் பழக்கமோ காரணம்.

மூன்றாவது வகை பழக்கம். 'காக்கா' என்று சொல்லும்போது க் இல்லாமல், தொண்டைக்குள் ஒரு வெட்டு மட்டும் விழுந்து 'ஆ-ஆ' என்று வருகிறதா? அண்ணம் திறந்திருந்த காலத்தில் வாய்க்குள் அழுத்தம் கிடைக்காததால், பிள்ளை காற்றைத் தொண்டையிலேயே நிறுத்தப் பழகிக்கொண்டது. அண்ணத்தை மூடினாலும் பல்லை நேராக்கினாலும் இது தானாகப் போகாது. கிளிப் போடும் வயதுக்குக் காத்திருக்காமல் 3, 4 வயதிலேயே தொடங்கவேண்டியது இதற்கான பயிற்சிதான்.

இந்தச் சோதனைகள் நீங்கள் மருத்துவரிடம் சரியான கேள்வியோடு போவதற்காக. முடிவைப் பேச்சு மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். கூடவே காதையும் பரிசோதியுங்கள். அண்ணப் பிளவுள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நடுக்காதில் நீர் தேங்கும். மெல்லிய 'ஸ்' ஒலி காதில் விழாத பிள்ளையிடம் அதைச் சொல்லச் சொல்லிப் பயனில்லை.

யாரிடம் முதலில், எந்த வயதில்?

கடிப்பால் மட்டும் வரும் ஒலிக்கோளாறு கடிப்பு சரியாகும்வரை இருக்கும். நாக்கு சரியான இடத்தில்தான் இருக்கிறது, பல் இருக்கும் இடம்தான் தவறு. அந்தப் பிள்ளையை 'ஸ்' சொல் 'ஸ்' சொல் என்று விரட்டுவது கொடுமை. அது முயன்று முயன்று தோற்று, கடைசியில் வாயைத் திறக்கவே கூச்சப்படும். வகுப்பில் கை தூக்காத பிள்ளையாகிவிடும். மாறாக, கோணல் பல்லுக்கு ஏற்ப நாக்கைப் பின்னுக்கு இழுத்து, த-வையும் ட-வையும் அண்ணத்தின் நடுவில் வைத்து ஒரே மாதிரி சொல்லப் பழகிய பிள்ளைக்குப் பயிற்சி வேண்டும். பல் நேரான பிறகும் நாக்கு பழைய இடத்துக்கே போகும். ஆகவே பல் சீரமைப்பு மருத்துவரும் பேச்சு மருத்துவரும் ஒரே பிள்ளையைப் பற்றி ஒருவரோடொருவர் பேசியாகவேண்டும். அவர்களாகப் பேசிக்கொள்ளாவிட்டால் ஒருவர் எழுதியதை மற்றவரிடம் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டுவது உங்கள் பொறுப்பு.

பால்பல் விழும் 6, 7 வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் 'ஸ்' கொஞ்சம் ஒழுகும். அது தானாகச் சரியாகும். ஆனால் முதல் நிலைப்பல் எட்டிப்பார்க்கும் அந்த வயதில் பல் சீரமைப்பு மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடவேண்டும். அண்ணத்தில் கம்பி பொருத்தி மேல்தாடையை மெல்ல விரிப்பது பெரும்பாலும் 7 முதல் 9 வயதுக்குள் தொடங்கும். ஈறுப் பிளவில் இடுப்பெலும்பிலிருந்து எடுத்து எலும்பு ஒட்டவைப்பது 8 முதல் 11 வயதுக்குள், கோரைப்பல் இறங்கும் முன் நடக்கவேண்டும். பல் அந்தப் புது எலும்பு வழியாக இறங்கினால்தான் இரண்டும் நிலைக்கும். பெற்றோர் அதிகம் தவறவிடுவது இந்தக் கெடுதான். 'பெரிய பரீட்சை முடியட்டும்' என்று தள்ளிப்போடும் விஷயமல்ல இது. முழு கிளிப் 12 வயதுக்கு மேல். தாடை மிகவும் பின்தங்கியிருந்தால், வளர்ச்சி நின்ற பிறகு மேல்தாடையை முன்னுக்கு நகர்த்தும் அறுவை.

இங்கே இரண்டு எச்சரிக்கை. தாடையை விரிக்கும்போது மடிப்புக்குள் மறைந்திருந்த துளை திறந்து, இல்லாத ஒழுக்கு புதிதாகத் தெரியலாம். பயப்படவேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்; எலும்பு ஒட்டும் அறுவையிலேயே பெரும்பாலும் அதையும் மூடுவார்கள். மற்றது, மேல்தாடையை முன்னுக்கு நகர்த்தினால் மென்அண்ணமும் கூடவே முன்னுக்கு வரும். 'ஸ்' தெளிவாகும், ஆனால் ஏற்கெனவே விளிம்பில் இருந்த மூடல் எட்டாமல் போய் மூக்கொலி கூடலாம். அந்த அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன் பேச்சுப் பரிசோதனை நடந்திருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

அண்ணத்தில் கம்பியோ தகடோ வைத்த முதல் சில நாட்கள் பேச்சு குழறும். பாடப்புத்தகத்தைத் தினமும் சத்தமாக வாசிக்கச் சொன்னால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். அந்த நேரத்தில் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.

செய்யக்கூடாதவை

பலூன் ஊதுவது, புல்லாங்குழல், மெழுகுவர்த்தி அணைப்பது ஆகியவற்றால் மென்அண்ணம் பலப்படும் என்று இன்னும் சொல்கிறார்கள். பேச்சுக்கு வேண்டிய அசைவு வேறு. ஊதிப் பழகுவதால் பேச்சு திருந்துவதில்லை. வசம்பு உரசி நாக்கில் தடவுவதும் அப்படியே. நாக்குக்கு அடியில் வெட்டிவிட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் பேச்சு மருத்துவரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளவேண்டாம். மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையையும் அவசரப்பட்டு எடுக்கக்கூடாது. எட்டாத மென்அண்ணத்துக்குச் சில பிள்ளைகளில் அந்தச் சதைதான் முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது.

பிளவுக்குப் பக்கத்தில் கோணலாக நிற்கும் பல்லைப் பிடுங்கச் சொல்லாதீர்கள். அது போனால் சுற்றியிருக்கும் கொஞ்ச எலும்பும் கரையும். தைத்த இடம் என்று பயந்து பலர் அங்கே பல் தேய்ப்பதில்லை. முதலில் சொத்தை விழுவது அங்கேதான். சொத்தை வாயில் கம்பியும் பொருத்தமுடியாது, எலும்பும் ஒட்டமுடியாது. இந்த அத்தியாயத்தில் செலவே இல்லாத வைத்தியம் காலை மாலை பல் தேய்த்துவிடுவதுதான்.

கிரகணத்தால் வந்த மூளி என்ற பேச்சை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். உதடும் அண்ணமும் கருவின் முதல் 12 வாரங்களுக்குள் சேரவேண்டியவை. உலகமெங்கும் ஏறக்குறைய 700 பிறப்புக்கு ஒன்றில் அது சேராமல் போகிறது. அதற்குத் தாயைக் குற்றம் சொல்லவேண்டாம்.

நெய்யூரிலிருந்து போகும் வழி

வாய் மருத்துவம் நம் கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூருக்குப் பழைய விஷயம். லண்டன் மிஷன் மருத்துவமனைப் பணி இங்கே 1838-இல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சேயோடு தொடங்கியது. வெற்றிலை பாக்குப் போடுவோரின் வாய்ப்புற்று பற்றி 1933-இல் லான்செட் இதழில் எழுதிய டாக்டர் ஓர் இங்கே வேலை செய்தவர். எவரெஸ்ட் ஏறப்போன டாக்டர் சோமர்வெல் அறுவை செய்ததும் இங்கேதான். திருவிதாங்கூர் முழுவதிலுமிருந்து நோயாளிகள் இந்த ஊரைத் தேடி வந்தார்கள். இன்று பிளவுள்ள பிள்ளைக்கு வேண்டியது ஒரு மருத்துவர் மட்டுமல்ல, ஒரு குழு: அறுவை, பல் சீரமைப்பு, பேச்சு, காது. அது முழுவதையும் ஒரே இடத்தில் தேடினால் கொஞ்சம் பயணம் செய்யவேண்டியிருக்கும்.

தொடங்கவேண்டிய இடம் அங்கன்வாடியும் பள்ளிக்கூடமும். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தில் 18 வயதுவரை இலவசப் பரிசோதனை உண்டு. உதடு, அண்ணப் பிளவு அதன் பட்டியலிலேயே இருக்கிறது. திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வரும். அவர்களின் சீட்டோடு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு, எது அதில் அடங்கும் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

மேற்கே போவதானால் இரணியலில் ரயில் ஏறினால் திருவனந்தபுரம். அங்கே அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும், ஆக்குளத்தில் பேச்சு, கேள்விக்கான தேசிய நிறுவனமான நிஷ்-உம் உள்ளன. இன்னும் வடக்கே திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனையில், டாக்டர் ஆடன்வாலா தம் வாழ்நாளெல்லாம் உழைத்து வளர்த்த சார்லஸ் பின்டோ மையம் பிளவுக்கென்றே இயங்குகிறது. ஸ்மைல் டிரெயின் அமைப்போடு இணைந்த மருத்துவமனைகளில் பிளவு அறுவை இலவசம். தமிழ்நாட்டில் சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவின் குழு திருவண்ணாமலைக் கிராமங்களில் உள்ளூர்ப் பணியாளர்களைப் பயிற்றுவித்துப் பேச்சுப் பயிற்சியை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. நம் மாவட்டத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

அறுவைக்கு எத்தனை தூரமானாலும் போகலாம். பேச்சுப் பயிற்சி வாரந்தோறும் நடக்கவேண்டியது. அதைப் பக்கத்திலேயே, பிள்ளை வீட்டில் பேசும் மொழியிலேயே அமைத்துக்கொள்ளுங்கள். மலையாளம் பேசும் மருத்துவரானால் பயிற்சிச் சொற்களைத் தமிழில் நீங்கள் எழுதிக்கொடுங்கள். ஒரே நோட்டுப் புத்தகத்தில் அறுவைத் தேதிகள், பல் அச்சு எடுத்த நாள், பேச்சு மருத்துவர் குறித்தவை எல்லாவற்றையும் சேர்த்துவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'பாப்பா, தாத்தா, காக்கா, பச்சை, பஸ்ஸு, வாத்து' சொல்லச் சொல்லிச் செல்போனில் பதிவுசெய்து தேதியோடு வையுங்கள். உங்கள் பிள்ளைக்கு இப்போது 6 வயது ஆகியிருந்து, பல் சீரமைப்பு மருத்துவர் இன்னும் பார்க்கவில்லையென்றால், அடுத்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.